உளப்பாட்டுத் தன்மைப் பன்மை

நாம் என்று அவர் சொன்னதுதான் பிழை. கேட்டதில் பிழையில்லை, அறுபதைக் கடந்த ஒருவர் அறுபதைக் கடந்த ஒருத்தியிடம் கேட்கத் தகாத கேள்வி அது என்று ஊரில் யார் நினைத்தாலும் நான் நினைக்கமாட்டேன். கேட்ட இடத்திலும் பிழையில்லை, சென்ற ஞாயிறு மலையிறங்கி வரும்போது, ஓடைக் கல்லில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டு, என்னைப் பாராமல் எதிர்க்கரை ஈற்றல் மூங்கில் புதரைப் பார்த்தபடி, "டீச்சரே, இனி நாம ஒரே வீட்டில இருந்தா என்ன?" என்றார் தாணுமாலயன். எங்கள் பள்ளியில் அவர் விளையாட்டு ஆசிரியர், நான் தமிழாசிரியை. ஒரே ஆசிரியர் அறையின் எதிரெதிர் மூலைகளில் பணிக்காலம் முழுவதையும் கழித்தவர்கள். அவர் மனைவி மறைந்து நானும் ஓய்வு பெற்ற பின்னர்தான் ஞாயிறுதோறும் இந்த வனத்துறை நடைபாதையில் கொக்கரணிப் பாறைவரை ஏறி இறங்கத் தொடங்கினோம். தொடங்கினோம், ஏறினோம், இறங்கினோம். பாருங்கள், வினைமுற்று எவ்வளவு நாகரிகமானது, எழுவாயை விட்டுவிட்டால் யார் யாரோடு என்பதை அது காட்டிக்கொடுப்பதே இல்லை. ஏறுவோமா, உட்காருவோமா, இறங்குவோமா என்று எழுவாய் இல்லாமலே இத்தனை ஞாயிறுகளை நடத்திவிட்டோம். அந்த ஓடைக் கல்லில்தான் முதன்முதலாக எழுவாய் வந்தது, அதுவும் நாம் என்று வந்தது. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், கேட்பவரை விலக்கினால் நாங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் கரும்பலகையில் வட்டம் போட்டு விளக்குவேன், வட்டத்துக்குள் நீயும் நிற்கிறாயா, வெளியே நிற்கிறாயா என்று கேட்பேன். உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்ற நெடும்பெயரைச் சொன்னதும் பின்வரிசை சிரிக்கும். சிரிக்கட்டும். நாம ஒரே வீட்டில் இருந்தால் என்ன என்று கேட்பவர், நான் பதில் சொல்வதற்கு முன்பே என்னை வட்டத்துக்குள் இழுத்து நிறுத்திவிட்டார். நானும் நீங்களும் என்று தொடங்கியிருந்தால் அது கேள்வி, நாம் என்று தொடங்கியதால் அது முடிவு. அடுத்த ஞாயிறு பாறை மேல் ஏறியதும் சொல்கிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு, மிரட்டும் தொனி சிறிதும் இல்லாமல், இல்லையென்றால் பங்குனிக்குள் கோயம்புத்தூருக்கு வந்துவிடும்படி மகள் சொல்கிறாள் என்றார். அந்த ஞாயிறு இன்று.

காட்டுக்குள் தனியாக எவரையும் விடமாட்டார்கள். சோதனைச் சாவடியில் பச்சைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள், தனி நபருக்கு அனுமதி இல்லை என்று. ஆகவே அவர் கோயம்புத்தூர் போனால் எனக்குக் கொக்கரணிப் பாறையும் போனது. என் தெருவில் என்னோடு மலையேற யார் இருக்கிறார்கள்? கோவிலுக்கு வருவார்கள், துணிக்கடைக்கு வருவார்கள், அட்டை கடிக்கும் இடத்துக்கு வரமாட்டார்கள். இதை நான் மறைக்கவில்லை, எனக்கே நான் மறைத்துக்கொள்ளும் பழக்கம் இல்லை: ஆமென்றால் வீடு போகும், இல்லையென்றால் காடு போகும். இவ்வளவு தெளிவாக இருக்கும் கணக்கில் ஏன் ஒரு வாரமாகச் சிக்கிக்கொண்டு நிற்கிறேன் என்பதுதான் விளங்கவில்லை. சாவடியில் காவலர் செல்லத்துரை வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். "வாங்க சாரே, வாங்க டீச்சரே. மேல ரெண்டு நாளைக்கு முன்ன ஆன நின்னுது. இப்ப அந்தால இறங்கிப் போயிட்டு. பயப்படாண்டாம்." சாவடிக்கு அடுத்துள்ள பலகையில் 'காட்டு பாதை' என்று எழுதியிருக்கிறார்கள், இடையில் வரவேண்டிய பகர ஒற்று இல்லாமல். காட்டுப்பாதை என்றால் காட்டில் உள்ள பாதை. ஒற்றை எடுத்துவிட்டால் அது பாதையைப் பார்த்து இடும் கட்டளை, காட்டு, பாதை. மூன்று ஆண்டுகளாக அந்தப் பலகை எனக்குக் கண்ணில் விழுந்த தூசி, செல்லத்துரையிடம் சொல்லாத வாரம் இல்லை, அவரும் மேலே சொல்லுகேன் டீச்சரே என்னாத வாரம் இல்லை. இன்று ஏனோ அது பிழையாகப் படவில்லை. காட்டு, பாதை, காட்டித்தான் பாரேன். "இன்னைக்கு எத்தன பேரு?" என்று செல்லத்துரை கேட்டார், முன்னால் நிற்பது எத்தனை பேர் என்று கண்ணுக்குத் தெரிந்தும் கேட்பது அவர் வேலை. "நாங்க ரெண்டு பேராக்கும்," என்றார் தாணுமாலயன், "வேற யாரு உண்டு?" நாங்கள். செல்லத்துரையை விலக்கி, சாவடியை விலக்கி, பின்னால் ஆரன் அடித்துக்கொண்டு நின்ற வேனை விலக்கி, என்னையும் அவரையும் மட்டும் வைத்து ஒரு வட்டம். அது எப்படிச் சரியாக ஒலித்தது? ஒரு வாரமாக எந்தச் சொல் என்னைக் குத்திக்கொண்டிருந்ததோ அதன் உடன்பிறப்புதானே இது?

ஏற்றம் தொடங்கிவிட்டது. முதல் வளைவில் வேங்கை மரம், அடுத்து நாங்கு மரம், மரத்தின் மார்பில் ஆணியடித்த தகடு, நாங்கு என்று தகட்டில் எழுத்து. நாங்கு, நாங்கள், நாங்க, மனம் என்னும் மாணவிக்கு ஒரு சொல் கிடைத்துவிட்டால் போதும், அதையே சப்பிக்கொண்டிருப்பாள். கால்கள் நன்றாகவே இருக்கின்றன. இந்த முழங்கால்களை நான் மதிக்கிறேன். கரும்பலகை முன் நின்றே ஆயுளைக் கழித்தவை, நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தியதில்லை நான், உட்காரும் ஆசிரியையின் குரல் மூன்றாம் வரிசையைத் தாண்டாது. மூச்சு சீராக இருக்கிறது, ஈர இலையின் வாடை மூக்குக்குள் குளிர்ந்து இறங்குகிறது, மேலே எங்கோ ஒரு பறவை பள்ளிக்கூடத்துப் பையனைப்போல் நோக்கமில்லாமல் சீட்டியடிக்கிறது. எனக்குப் பின்னால் அவருடைய காலடி. கேட்டுக்கொண்டே ஏறுகிறேன். காலடிக்கு நடுவே மூச்சு. அந்த மூச்சு சென்ற மாதம் இப்படி இருந்ததா? இருந்திருக்காது. இதைத்தான் அஞ்சுகிறேன், சொல்லிவிடுகிறேன். ஊரை அஞ்சவில்லை, மங்கையர்க்கரசி டீச்சர் கடைசியில் பி.டி. மாஸ்டரோடு போய்விட்டாள் என்று என் பழைய மாணவிகள் சிரித்தால், சிரிப்பவள் எந்த ஆண்டில் எந்த வகுப்பில் எத்தனை முறை ஒற்றுப்பிழை விட்டாள் என்று என்னால் சொல்ல முடியும். அஞ்சுவது அம்மாவின் கட்டிலை. கட்டில் இப்போது வெறுங்கட்டில்தான், ஆனால் அதன் பக்கத்தில் நான் நின்ற ஆண்டுகள் அப்படியே அங்கே நிற்கின்றன. காலையில் துடைத்து, பள்ளிக்கு ஓடி, இடைவேளையில் ஓடி வந்து திருப்பிப் படுக்கவைத்து, மாலையில் கஞ்சி. அம்மா கடைசிவரை எனக்கு நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. மகள் செய்வதற்கு நன்றி எதற்கு? ஆனால் அவள் போன பிறகு ஒருநாள் காலை விழித்தபோது, என்னை யாரும் கூப்பிடாத அந்த வீட்டில், வெயில் தரையில் நகர்வதை மட்டும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அந்தக் காலையை நான் யாருக்கும் தரமாட்டேன். பெண் பார்க்க வந்தவர்களுக்கு வேண்டாமென்று சொன்ன வயதில் என் வேலை எனக்குப் போதுமானதாக இருந்தது. இப்போது அந்தக் காலை போதுமானதாக இருக்கிறது. பின்னால் வரும் இந்த மூச்சைக் கவனிக்கும் காது எனக்கு ஏன் இன்னும் வேலை செய்கிறது? கட்டிலின் பக்கத்தில் பழகிய காது அல்லவா, அதற்கு ஓய்வூதியம் கிடையாது.

"டீச்சரே, நில்லுங்க. கணுக்கால்ல ஒரு சாதனம் தொங்குகு." குனிந்து பார்க்கிறேன், அட்டை, நன்றாகக் குடித்துக் கொழுத்துத் திராட்சைபோல் இருக்கிறது. அவர் பையில் உப்பை எடுப்பதற்குள் என் முந்தானை முடிச்சிலிருந்த உப்பை நான் எடுத்துத் தூவிவிட்டேன். விழுந்தது. இரத்தம் மெல்ல இறங்குகிறது, இறங்கட்டும், அதற்கு நிற்கத் தெரியும். "எனக்கு ஒரு வேலையும் தரமாட்டேளா?" என்கிறார். "உங்கள் காலைப் பாருங்கள், அங்கே இரண்டு வேலை இருக்கிறது," என்கிறேன். பார்த்துத் துள்ளுகிறார். மாவட்டப் போட்டிகளில் ஐந்நூறு பேரை ஒரு விசிலில் அடக்கிய மனிதர் அட்டைக்குத் துள்ளுவது ஒவ்வொரு வாரமும் எனக்கு ஒரு பரிசு. "சிரியுங்க சிரியுங்க. உங்களுக்கென்ன, உங்க ரெத்தத்தில சுண்ணாம்புக்கட்டி பொடியில்லா ஓடுகு, அட்டைக்கே வயித்த வலிக்கும்." நான் சிரிக்கத்தான் செய்கிறேன். இந்தச் சிரிப்பை என் வீட்டுக் கூடத்தில் வைத்துப் பார்க்கிறேன்; காலை எட்டு மணி, அவர் செய்தித்தாள் கேட்கிறார், சட்டினியில் உப்புக் குறைவென்கிறார், தொலைக்காட்சியில் கால்பந்து. சிரிப்பு அங்கே வரவில்லை. திரும்பத் திரும்ப வைத்துப் பார்க்கிறேன், அவரை அவர் வீட்டில், என்னை அவர் வீட்டில், சுவரில் அவர் மனைவியின் மாலை போட்ட படம், அதற்குக் கீழே நான் காப்பி குடிக்கிறேன். வரவில்லை. இங்கே, உப்பும் இரத்தமும் ஈர இலையும் உள்ள இடத்தில் மட்டும் வருகிறது. இது காட்டின் குணமா, எங்கள் குணமா? எங்கள். பார்த்தாயா, நானும் சொல்லிவிட்டேன், மனத்துக்குள்தான், யாரிடம் சொன்னேன், எந்தச் செவியை விலக்கினேன்?

இரண்டாம் வளைவில் சத்தம் முதலில் வந்தது, ஆட்கள் பிறகு வந்தார்கள். வேனில் வந்த குடும்பம், குறுக்கு வழியில் எங்களுக்கு முன்னே ஏறியிருக்கிறார்கள். கையில் பாட்டுப்பெட்டி, பாறையிடுக்கில் நெகிழித் தட்டு, மரத்தில் மலையணில் ஒன்று வாலைத் தொங்கவிட்டு உறைந்து நிற்கிறது. "அதை நிறுத்துங்கள்," என்றேன். என் குரலுக்கு இன்னும் மூன்றாம் வரிசையைத் தாண்டும் வலிமை இருக்கிறது, பாட்டு நின்றது, சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் "நீங்க யாரும்மா சொல்லுகதுக்கு?" என்று எழுந்தார், அவருடைய மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஐயோ சும்மா இரிங்க, எங்க தமிழ் டீச்சராக்கும்! டீச்சர், நான் அஜிதா, ஒன்பது பி. எனக்க கட்டுரைய வகுப்பில கிழிச்சேளே, ஓர்ம உண்டா?" கிழித்திருப்பேன். "தட்டுகளை எடுத்துப் பையில் போடு, அஜிதா," என்றேன். எடுத்தாள், கணவரையும் எடுக்க வைத்தாள். பிறகு நிமிர்ந்து, முகமெல்லாம் மலர்ந்து, "ஒத்தைக்கா வந்தேளா டீச்சர், இந்தக் காட்டுக்கு?" "இல்லை," என்றேன், "நாங்கள் வந்திருக்கிறோம்." அவள் பார்வை என் தோளைத் தாண்டிப் போயிற்று, பி.டி. மாஸ்டரைக் கண்டது, ஒரு கணம் நின்றது, பிறகு அந்தப் பழைய பின்வரிசைச் சிரிப்பு அவள் உதட்டில் எட்டிப்பார்த்தது. நான் அவளை நேராகப் பார்த்தேன். சிரிப்பு மரியாதையாக உள்ளே போயிற்று. அவர்களைக் கடந்து ஏறுகிறேன், காது சூடாக இருக்கிறது, வெட்கமா, இல்லை, கண்டுபிடிப்பின் சூடு, வகுப்பு நடுவே ஒரு விதியின் காரணம் திடீரென்று எனக்கே விளங்கும்போது வருவது. நாங்கள் என்று சொல்ல மூன்றாமவர் ஒருவர் வேண்டும். செல்லத்துரையோ அஜிதாவோ எதிரே நிற்கவேண்டும். விலக்குவதற்கு ஆள் இல்லையென்றால் நாங்கள் இல்லை. கதவைச் சாத்திய வீட்டுக்குள் இருவர் மட்டும் இருந்தால் அங்கே நாங்கள் என்ற சொல்லுக்கு வேலையே கிடையாது. அங்கே நாம் என்றுதான் சொல்லியாகவேண்டும், நாம் சாப்பிடலாம், நாம் படுக்கலாம், நாம் மருந்து போடலாம், வகுப்பைப் பார்த்து, பிள்ளைகளே, நாம் இப்போது அமைதியாக இருப்போம் என்று ஆயிரம் முறை சொன்ன நாம், உத்தரவை ஒளித்துவைத்த நாம். எனக்கு வேண்டியது இன்னது என்று இப்போது தெரிகிறது. இலக்கணம் ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை.

பின்னால் காலடி இல்லை. எப்போது நின்றது? கண்டுபிடித்த மகிழ்ச்சியில் காது தவறவிட்டிருக்கிறது. திரும்புகிறேன், பாதையின் வளைவில் யாரும் இல்லை, ஈற்றல் இலை மட்டும் ஆடுகிறது, அதுவரை வெறும் பச்சையாக இருந்தது எல்லாம் ஒரு நொடியில் எதையோ மறைத்துக்கொண்டிருப்பதாக மாறுகிறது, யானை இறங்கிப் போயிற்று என்றாரே, எந்தப் பக்கம் என்றார், சென்ற மாதத்து மூச்சு, இந்த மாதத்து மூச்சு, அம்மாவின் கட்டில், இல்லை, கட்டில் இல்லை, இது கட்டில் போடவே முடியாத காட்டுப்பாதை. இறங்குகிறேன், வேகமாக, இந்த வயதில் இறங்கக்கூடாத வேகத்தில். வளைவுக்கு அப்பால் ஒரு வேரின் மேல் உட்கார்ந்திருக்கிறார். நெற்றியில் வியர்வை. கை மார்பில் இல்லை, முழங்காலில் இருக்கிறது. முதலில் அதைத்தான் பார்த்தேன். "ஒண்ணுமில்ல டீச்சரே. மூச்சு கொஞ்சம் சண்ட போட்டுது. உக்காந்தேன். விசில் அடிக்கலாம்னு பாத்தேன், விசிலுக்கும் மூச்சு வேணுமில்லா?" மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். நடக்கலாம், மெதுவாக நடக்கவேண்டும், மாத்திரை விடக்கூடாது என்றாராம். மறைக்கவில்லை, கேட்காததால் சொல்லவில்லை. எதிரே கல்லில் உட்கார்ந்தேன். தேர்வு மண்டபத்தில் கேட்பதுபோல் கேட்டேன், "என்னிடம் அப்படி ஏன் கேட்டீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றா?" அவர் காலணி நுனியால் மண்ணில் ஒரு கோடு இழுத்தார், மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு இழுக்கிற நேர்த்தியோடு. "பாத்துக்கிட ஆளு கூலிக்குக் கிடைக்கும். சமையலு எனக்கே தெரியும், உங்களவிட நல்லாத் தெரியும், கோவிக்காதீங்க. ராத்திரி விளக்க அணச்சாச்சுன்னா அந்த வீட்டில ஒரு சத்தம் கிடையாது. ஒரு மனுசச் சத்தம் கிடையாது. அதாக்கும் பயம். செத்துப் போகதுக்கு இல்ல. சத்தம் இல்லாம கெடக்கதுக்கு." அவ்வளவுதான் சொன்னார். முழு மதிப்பெண் போடவேண்டிய விடை. எனக்கு அழகாகத் தோன்றுகிற அமைதி இந்த மனிதருக்கு அச்சம். ஒரே பொருள், இரண்டு வீடுகளில் இரண்டு பெயர்.

மீதி ஏற்றத்தை அவருடைய நடையில் ஏறினேன். மெதுவாக ஏறினால் பாதையில் வேறு பொருள்கள் தெரிகின்றன. வேரடியில் வெள்ளைக் காளான், பாறையில் கசியும் நீரின் கருங்கோடு. கொக்கரணிப் பாறைமேல் காற்று, குழியில் வானம் அளவுக்குத் தண்ணீர், கீழே பேச்சிப்பாறைப் பக்கத்து மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலம் குறைந்து போகின்றன. அவர் தண்ணீர் குடித்தார். கேட்கவில்லை. கேட்காமல் காத்திருக்கத் தெரிந்த மனிதர் என்பதை நான் மனத்தில் குறித்துக்கொண்டேன். "சொல்கிறேன்," என்றேன். "உங்களோடு நாங்கள் ஆவதற்கு எனக்கு முழுச் சம்மதம். நாம் ஆவதற்குச் சம்மதம் இல்லை." ஒரு வாரம் செதுக்கியிருந்தாலும் இதைவிடச் செம்மையாக அமைந்திராது. அவர் புருவத்தைச் சுருக்கினார், தலையைச் சொறிந்தார். "டீச்சரே, எனக்கு இலக்கணம் ஓடாது. ஜெயிச்சேனா, தோத்தேனா? அத மட்டும் சொல்லுங்க." சொன்னேன், பேச்சுத் தமிழுக்கு எவ்வளவு நெருங்க என்னால் முடியுமோ அவ்வளவு நெருங்கி: "ஒரே வீட்டில் இருக்க மாட்டேன்." அவர் மலைகளைப் பார்த்தார். "சரி. அப்பம் கோயம்புத்தூருதான்," என்றார், கோபமே இல்லாமல், தோற்ற அணிக்குக் கைகொடுக்கக் கற்றுக்கொடுத்தவரின் குரலில். அந்த நொடியில், சத்தியமாக அந்த நொடியில்தான், வாடகைக்கு இருந்த வங்கி ஊழியர் குடும்பம் மாற்றலாகிப் போனதும் நான் பூட்டிப் போட்டிருக்கும் மாடி என் கண்முன் எழுந்தது. "என் வீட்டு மாடி காலியாக இருக்கிறது. வெளிப்பக்கமாகத் தனிப்படி, தனிக்கதவு, தனி அடுப்பு. அது ஒரே வீடு அல்ல, ஒரே கட்டடம். இரண்டும் வேறு." அவர் என்னைப் பார்த்தார், சிரிப்பு வருகிற வழியில் இருந்தது. "அந்தப் படியா? அது ஏணியில்லா டீச்சரே, செங்குத்தால்லா நிக்கு! இந்தப் பாறைக்கே இன்னைக்கு வழிநெடுக உக்காந்துதான் ஏறியிருக்கேன். தினம் ரெண்டு தடவ அதில ஏறினா நீங்க கேட்ட அந்தப் பன்மை ஒருமை ஆயிரும்." உண்மை. கீழ் வீட்டை எண்ணிப் பார்த்தேன், என் நூலடுக்குகள், சன்னலோர மேசை, தரையில் நகரும் வெயில். மாடியிலும் கிழக்குச் சன்னல் உண்டு. வெயில் அங்கே முன்னதாகவே வரும், யோசித்தால் கூடுதல் நேரம் நிற்கும். "அப்படியானால் கீழ் வீட்டில் நீங்கள் இருங்கள்," என்றேன். "மேலே நான் போகிறேன். எனக்கு ஏறத் தெரியும்." "ஊரு என்ன சொல்லும் டீச்சரே, உங்க வீட்டில கீழ நானும் மேல நீங்களும்னா?" "ஊர் என்னிடம்தானே கேட்கும். நான் சொல்லிக்கொள்கிறேன்." காற்று குழித்தண்ணீரைச் சுருக்கிச் சுருக்கி விட்டது. அதைப் பார்த்தபடி அவர், ஒரு பையனின் தயக்கத்தோடு, "ராத்திரி?" என்றார். "இரவில் எனக்குத் தூக்கம் குறைவு. எழுந்து நடப்பேன். மாடித் தளம் அவ்வளவு கனமில்லை." "விசிறிச் சத்தத்தில கேக்குமா?" என்றார். "கேட்கும்படி நடக்கிறேன்," என்றேன்.